காபிக் கன்றும் களைக்கொல்லியும்: இலை ஜோடி சொல்லும் கணக்கு

(இந்த வார ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் குறைக்கப்பட்டுள்ளன.)

 

போன எபிசோடில் காபிக் கன்று நடுவதைப் பற்றிப் பேசினோம். குழி அளவு, நிழல், பாக்கெட்டைக் கிழிக்கும்போது ஆணிவேர் மடங்காமல் பார்த்துக்கொள்வது, இதையெல்லாம் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கீங்க. "கன்று நட்டாச்சு. மழைக்குக் களை முட்டி உயரம் வந்துடுச்சு. ஆள் கிடைக்கல. மருந்தடிக்கலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நட்ட முதல் இரண்டு மூன்று வருஷம் கன்றுக்குப் பக்கத்தில் களைக்கொல்லி வேண்டாம். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, என் தோட்டத்தில் செடியைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். கெடுத்தது மட்டும் இல்லை, யார் கெடுத்தது என்று தெரியாமல் மூன்று பேர் மேல் பழி போட்டேன். அந்தக் கதையையும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

எங்கள் இடம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம். சில்வர் ஓக், பலா, கொஞ்சம் ஆரஞ்சு, மிளகு, நடுவில் காபி. பழைய செடிகள் வயதாகிப் போனதால் ஒரு துண்டில், ஏறத்தாழ 65 சென்ட்டில், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதுசா சந்திரகிரி ரகம் நட்டேன். 6 அடிக்கு 6 அடி இடைவெளி, மொத்தம் 800 கன்று. சந்திரகிரி 2007-இல் வெளியிடப்பட்ட ரகம். குட்டையாக, புதர் மாதிரி அடர்ந்து வரும். இந்தக் குட்டை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் நட்டோம். கன்று நன்றாகப் பிடித்தது. ஆனால் பழைய செடியை எடுத்ததில் வெயில் உள்ளே இறங்கிவிட்டது. வெயிலும் மழையும் சேர்ந்தால் களைக்குக் கேட்கணுமா? கோரை, அருகு, பார்த்தீனியம் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் கன்று எங்கே இருக்கிறது என்றே தேட வேண்டியதாகிவிட்டது.

களை வெட்ட ஆள் கேட்டேன். அந்த நேரம் எல்லாரும் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். எங்களிடம் ரொம்ப வருஷமாக வேலை பார்க்கிற ஒரு அண்ணன் மட்டும்தான் இருந்தார். அவர் கையில் ஸ்பிரேயரைக் கொடுத்து, "அண்ணே, கிளைபோசேட் அடிச்சு விட்டுருங்க. கன்னு மேல படாம வரிசைக்கு நடுவுல மட்டும் அடிங்க" என்றேன். காலையில் ஆரம்பித்தார். மதியம் ஆனதும் வந்து, "தம்பி, காத்து ஏறுது. மிச்சத்த நாளைக்குக் காலைல அடிப்போமா?" என்று கேட்டார். எனக்கு மறுநாள் வத்தலக்குண்டு போகிற வேலை இருந்தது. "கொஞ்சம்தானே அண்ணே, இன்னைக்கே முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முடித்தார். கடைசி நாலு வரிசைக்கு மருந்து பத்தவில்லை. சரி போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

இரண்டு வாரத்தில் களை பழுத்துச் சாய்ந்தது. தோட்டம் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. கன்று எல்லாம் பச்சையாகத்தான் நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். பத்து ஆள் செய்ய வேண்டிய வேலையை ஒரே ஆள் ஒரு நாளில் முடித்துவிட்டாரே!

ஜனவரி கடைசியில்தான் பார்த்தேன். கன்றின் நுனியில் புதிதாக வருகிற இலை அகலமாக வரவில்லை. நாடா மாதிரி ஒல்லியாக, ஓரம் நெளிந்து, வெளிர் மஞ்சளாக வந்தது. கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கி, நுனியில் இலைகள் கொத்தாக நின்றன. சில கன்றில் குருத்தே கருகிவிட்டது.

உங்களில் பலருக்கு இந்த அறிகுறியைக் கேட்டவுடன் என்ன தோன்றும்? துத்தநாகப் பற்றாக்குறை. ஜிங்க் இல்லாவிட்டாலும் இலை சின்னதாக, ஒல்லியாக, கொத்தாகத்தான் வரும். எனக்கும் அதுதான் தோன்றியது. ஜிங்க் சல்பேட் வாங்கி வந்து இரண்டு தடவை இலை மேல் தெளித்தேன். எந்த ஸ்பிரேயரில்? அதே ஸ்பிரேயரில். ஒரு தடவை தண்ணீர் ஊற்றி அலசினேன், அவ்வளவுதான். செடி தேறவே இல்லை.

அப்புறம் பழி போடுகிற படலம் ஆரம்பித்தது. முதலில் நாற்றுப்பண்ணைக்காரர்: "கன்னே சரியில்ல." பிறகு உரக்கடை: "கலப்படம்." கடைசியில் அந்த அண்ணன்: "நீங்க கன்னு மேலேயே அடிச்சுட்டீங்க." அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வேலைக்கு வரவும் இல்லை.

மார்ச் மாதம், காபி ஆராய்ச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா எங்கள் பக்கம் வந்திருந்தார். கூட்டி வந்து காட்டினேன். அவர் மண்ணைப் பார்க்கவில்லை. உரம் என்ன போட்டாய் என்றும் கேட்கவில்லை. ஒரு கன்றுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, மேலிருந்து கீழே இலையை எண்ணினார்.

காபியில் இலை ஜோடி ஜோடியாக எதிரெதிரே வரும், இல்லையா? இளங்கன்றில் ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு ஜோடி. குளிரில் கொஞ்சம் மெதுவாக, மழையில் கொஞ்சம் வேகமாக. அவர் எண்ணிவிட்டுச் சொன்னார்: "மேல மூணு ஜோடி ஒல்லி. அதுக்குக் கீழ அத்தனையும் அகலம். செடிக்கு ரெண்டரை, மூணு மாசத்துக்கு முன்னாடி ஏதோ நடந்திருக்கு. அப்போ என்ன பண்ணீங்க?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டிசம்பர் முதல் வாரம்.

அடுத்து அவர் தோட்டத்தைச் சுற்றி நடந்தார். அந்தக் கடைசி நாலு வரிசைக்கு வந்து நின்றார். அங்கே களை மண்டிக் கிடந்தது. ஆனால் கன்று ஒவ்வொன்றும் நுனி வரை அகலமான பச்சை இலையோடு நின்றது. நாற்றுப்பண்ணை, மண், உரம் எல்லாம் ஒன்றுதான். வித்தியாசம் மருந்து மட்டும்தான். திரும்பி வந்து இன்னொன்றும் காட்டினார். கெட்டுப்போன கன்றுகளில் கீழ் இலைகளில் திட்டுத் திட்டாக மஞ்சள் இருந்தது, அதுவும் பள்ளத்தைப் பார்த்த பக்கத்தில்தான் அதிகம். மலையில் மதியத்துக்கு மேல் காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறும். சாரல் அந்தத் திசையில்தான் வந்திருக்கிறது. மதியத்துக்கு முன்னால் அடித்த பகுதியில் பாதிப்பு குறைவு. மதியத்துக்கு மேல் அடித்த பகுதியில்தான் வரிசை வரிசையாகப் போயிருந்தது.

அதாவது அந்த அண்ணன் கன்று மேல் அடிக்கவே இல்லை. நான் சொன்ன மாதிரி நடுவில்தான் அடித்திருக்கிறார். காற்று ஏறுகிறது என்று அவர் வந்து சொன்னபோது, முடித்துவிடுங்கள் என்று சொன்னது நான்.

சரி, இப்போது இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இது புரிந்தால்தான் அடுத்த தடவை ஏமாற மாட்டோம்.

கிளைபோசேட் பட்ட இடத்தை எரிக்கிற மருந்து இல்லை. பச்சையாக இருக்கிற எந்தப் பகுதி வழியாகவும் உள்ளே போகும். போய், இலை தயாரிக்கிற சர்க்கரை எந்த வழியில் ஓடுகிறதோ அதே வழியில் ஓடும். சர்க்கரை எங்கே போகும்? வளர்கிற இடத்துக்கு. அதாவது குருத்துக்கும் வேர் நுனிக்கும். அங்கே போய் ஒரு நொதியை முடக்குகிறது. செடி தனக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களை, ஃபீனைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபேன், அந்த நொதியை வைத்துத்தான் தயாரிக்கிறது. அது நின்றால் புதுப் புரதம் கட்ட முடியாது, புது இலை ஒழுங்காக உருவாகாது. பழைய இலை ஏற்கனவே கட்டி முடித்த வீடு, அது அப்படியே நிற்கும். அதனால்தான் கன்று பல வாரம் நன்றாக இருக்கிற மாதிரித் தெரிகிறது. பாதிப்பு அடுத்து வருகிற இலையில்தான் தெரியும். அதற்குள் நாம் மருந்தடித்ததையே மறந்திருப்போம்.

பெரிய செடிக்கு இவ்வளவு ஆகாது, கன்றுக்கு ஏன் ஆகிறது? முதலாவது, உயரம். வளர்ந்த செடியின் இலை நாசிலுக்கு மேலே இருக்கும். கன்றின் இலை நாசில் உயரத்திலேயே இருக்கும். சந்திரகிரி மாதிரி குட்டை ரகத்தில் கேட்கவே வேண்டாம். இரண்டாவது, தண்டு. பெரிய செடியில் அடித்தண்டு பழுப்புப் பட்டையாக இருக்கும். கன்றில் தண்டே பச்சை, அதன் வழியாகவும் மருந்து இறங்கும். மூன்றாவது, பெரிய செடிக்கு நூற்றுக்கணக்கில் குருத்து இருக்கும். உள்ளே போன கொஞ்சம் மருந்து பிரிந்து போய்விடும். கன்றுக்கு ஒரே ஒரு குருத்து. அத்தனையும் அங்கேதான் போகும். நாலாவது, சேமிப்பு. நட்ட முதல் வருஷம் வேர் இன்னும் பரவவில்லை. அடி வாங்கினால் எழுந்திருக்கக் கையிருப்பு இல்லை.

இதைப் பற்றி அதிகமாக ஆராய்ச்சி நடந்திருப்பது பிரேசிலில். அங்கே விசோசா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், காற்றில் சாரல் படுகிற மாதிரி, குறைந்த அளவு கிளைபோசேட்டை இளம் அராபிகா செடிகளின் மேல் தெளித்துப் பார்த்திருக்கிறார்கள். இலை மஞ்சளாகி ஒல்லியாவதும், அளவு கூடக்கூட வளர்ச்சி குறைவதும், ரகத்துக்கு ரகம் தாங்கும் சக்தி மாறுவதும் அவற்றில் தெரிந்தது. அதனால் "அவர் தோட்டத்துல ஒண்ணும் ஆகலயே" என்று பக்கத்துத் தோட்டத்தை வைத்து முடிவு எடுக்காதீங்க. ரகம் வேறாக இருக்கலாம், காற்று வேறாக இருக்கலாம்.

மற்ற மருந்துகள் எப்படி? பாராகுவாட் இதற்கு நேர்மாறு. பட்ட இடத்தை மட்டும் எரிக்கும். வெயில் இருந்தால் ஓரிரு நாளிலேயே பழுப்புத் திட்டு தெரியும். செடிக்குள் பெரிதாக ஓடாது, அடுத்த இலை சுத்தமாக வரும். "அப்போ அது பரவாயில்லையே" என்று நினைக்காதீங்க. மனிதன் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து, மாற்று மருந்து கிடையாது. கேரளா 2011-லேயே அதைத் தடை செய்துவிட்டது. என் வீட்டுக்குள் அந்தப் பாட்டில் வரக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

2,4-டி அகல இலைக் களையைக் கொல்கிற மருந்து. காபி என்ன இலை? அகல இலைதான்! அதன் எஸ்டர் வகை ஆவியாகவே பறந்து வந்து குருத்தை முறுக்கிவிடும். புல்லை மட்டும் கொல்கிற மருந்துகளும் இருக்கின்றன. அவை காபி மாதிரி அகல இலைச் செடியைப் பொதுவாகத் தொடாது. ஆனால் அவற்றுக்குக் கோரையும் சாகாது. கோரை பார்க்கப் புல் மாதிரி இருக்கும், ஆனால் புல் இனம் இல்லை. எதுவாக இருந்தாலும் லேபிளில் காபி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம்ம நாட்டில் கிளைபோசேட்டுக்குப் பதிவில் இருக்கிற ஒரே தோட்டப் பயிர் தேயிலைதான், அப்புறம் பயிர் இல்லாத இடங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சி ஒழிப்பு உரிமம் உள்ளவர்கள் மூலமாக மட்டும்தான் அதை அடிக்கலாம் என்று அறிவிக்கையும் போட்டது. நாம் அதைக் காபிக்கு அடித்ததே முதல் தப்பு.

சரி, அடிபட்ட கன்றை என்ன செய்வது? சாரல் பட்டதை அந்த நேரத்திலேயே பார்த்துவிட்டால், உடனே நல்ல தண்ணீர் ஊற்றி இலையைக் கழுவுங்கள். கொஞ்சமாவது பயன் உண்டு. மறுநாள் கழுவிப் பயன் இல்லை. ஒல்லி இலை வந்தபிறகு தெரிந்தால், சத்து மருந்தை மாற்றி மாற்றி அடிக்காதீங்க. நிழல் கொடுங்க, கோடையில் தண்ணீர் விடுங்க, காத்திருங்க. லேசாகப் பட்ட கன்று சில மாதத்தில் தானாக அகல இலை விடும். குருத்துக் கருகின கன்று கீழே கணுவிலிருந்து பக்கத் தளிர் விடும். நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அதுவும் வரவில்லையென்றால் பிடுங்கிவிட்டு அடுத்த மழைக்கு வேறு கன்று வையுங்கள். எனக்கு 800-இல் 200 கன்று பாதித்தது. 140 தேறிவிட்டது, ஆனால் மற்றதைவிட ஒரு வருஷம் பின்தங்கிவிட்டது. 60 போயே போய்விட்டது.

ஜிங்க் பற்றாக்குறையா, மருந்துச் சாரலா என்று எப்படிப் பிரிப்பது? மூன்று கேள்வி கேளுங்கள். ஒல்லி இலை எந்த ஜோடியிலிருந்து ஆரம்பிக்கிறது, அந்தத் தேதியில் மருந்தடித்தோமா? பாதிப்பு ஸ்பிரேயர் போன வழியில், காற்றடித்த பக்கத்தில் இருக்கிறதா, இல்லை தோட்டம் முழுக்கப் பரவலாக இருக்கிறதா? மருந்து படாத மூலையில் இருக்கிற கன்று எப்படி இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் கடைக்கு ஓட வேண்டியது இல்லை. இன்னொன்று, மருந்தடித்த தேதியை எங்கேயாவது எழுதி வையுங்கள். காலண்டரில் ஒரு கோடு போதும்.

இப்போது முக்கியமான விஷயம். "மருந்தும் வேண்டாம்னா களையை என்ன பண்றது?" நியாயமான கேள்வி. களையை விட்டாலும் கன்று கெடும். முதல் வருஷம் களை, கன்றின் தண்ணீரையும் உரத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

நான் இப்போது செய்வது இதுதான். 65 சென்ட்டையும் சுத்தமாக வைக்க நினைப்பதை விட்டுவிட்டேன். கன்றைச் சுற்றி ஒன்றரை அடிக்கு மட்டும் கையால் பிடுங்குகிறோம். காபியின் உறிஞ்சு வேர் மேல் மண்ணிலேயே இருப்பதால், மண்வெட்டியை அங்கே ஆழமாகப் போட மாட்டோம். பிடுங்கின களை, சில்வர் ஓக் சருகு எல்லாவற்றையும் அந்த வட்டத்தில் மூடாக்காகப் போடுகிறோம், தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. வரிசைக்கு நடுவில் களையை அரிவாளால் அறுத்து அங்கேயே போடுகிறோம். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், சரிவில் மண் அரிக்காது. மழை ஆரம்பத்தில் நடுவில் தட்டைப்பயறு விதைத்தோம். அது மூடினபிறகு களை பாதி குறைந்தது. நிழல் கூடக்கூடக் களை இன்னும் குறையும்.

செலவு கூடத்தான் ஆகிறது, மறைக்கவில்லை. ஆனால் ஒரு நாள் மிச்சம் பிடித்து 60 கன்றையும் ஒரு வருஷத்தையும் விட்ட கணக்கோடு ஒப்பிட்டால் பெரிய செலவு இல்லை.

தோட்டத்தில் வேறு எந்தப் பயிருக்காவது, லேபிளில் சொன்னபடி களைக்கொல்லி அடிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நாலு விஷயம். களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வையுங்கள், அதில் வேறு எதையும் ஊற்றாதீங்க. விசைத்தெளிப்பான் வேண்டாம், அழுத்தம் கூடினால் துளி பொடியாகிப் பறக்கும். நாசிலுக்கு மூடி போடுங்கள். காலையில் காற்று இல்லாத நேரத்தில் மட்டும் அடியுங்கள். அப்புறம், அடிக்கிறவருக்குப் பூட்ஸ், கையுறை, முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். எங்கள் அண்ணன் அன்றைக்கு வெறுங்காலோடு அடித்தார். கன்றுக்கு என்ன ஆச்சு என்று மூன்று மாதம் கவலைப்பட்ட நான், அவருக்கு என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. கிளைபோசேட்டை 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்கிற பிரிவில் வைத்தது. அதை ஏற்காத அரசு அமைப்புகளும் உலகத்தில் இருக்கின்றன. விவாதம் நடக்கட்டும். வெறுங்காலில் வழிகிற மருந்துக்கு விவாதம் தேவையில்லை.

அந்த ஐயா போன அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, நீங்க சொன்னது சரி. தப்பு என்னோடது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காத்து ஏறுதுன்னு சொன்னேன்ல தம்பி" என்றார். அவ்வளவுதான். காபி போட்டுக் கொடுத்தார்கள். மறுவாரம் வேலைக்கு வந்தார். இப்போது எங்கள் தோட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: காற்று, மழை பார்த்து வேலையை நிறுத்தலாமா என்பதை அந்த இடத்தில் வேலை செய்கிறவர்தான் முடிவு செய்வார். என்னைக் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் தோட்டத்தில் இந்த மாதிரி ஒல்லி இலை இருந்தால், இன்றைக்கே போய் மேலிருந்து ஜோடியை எண்ணிப் பாருங்கள். எண்ணினதைக் காலண்டரோடு ஒத்துப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எங்களுக்கும் சொல்லுங்கள், அடுத்த தடவை பேசுவோம்.

நிழல் மரத்தைக் கவாத்து செய்வது பற்றி அடுத்த எபிசோட்.